குறைமாதச் சிசுக்களின் பால்குடிப் பயிற்சி

கர்ப்பகாலத்தின் 37 வாரங்கள் பூர்த்தியாவதற்கு முன்னரே பிறந்துவிட்ட சிசுவை, தன் வாயாலேயே பால் குடித்துப் பசியாறும் நிலைக்கு மருத்துவமனையில் படிப்படியாகக் கொண்டுவரும் முறைகளின் தொகுதியே பால்குடிப் பயிற்சி எனப்படும். மார்பில் வாய் வைத்தவுடன் குழந்தை குடித்துவிடும் என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். ஆனால் மூச்சுக்கும் உணவுக்கும் தொண்டை பொதுவழியாக இருத்தலின், உறிஞ்சுதல், விழுங்குதல், சுவாசித்தல் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாமல் தாளக்கட்டோடு நடைபெற்றால்தான் ஒரு வாய்ப் பால் அபாயமின்றி வயிற்றைச் சேரும்.

கருவறையில் இருக்கும்போதே சிசு பனிக்குட நீரை விழுங்கவும் விரலைச் சப்பவும் தொடங்கிவிடுகிறது. ஆயினும் அம்மூன்றையும் இணைக்கும் திறமை ஏறத்தாழ 32 முதல் 34 வாரங்களில் அரும்பி, அதன் பின்னரும் சில வாரங்கள் சென்றே முதிர்கிறது. அதுவரை, மூக்கு அல்லது வாய் வழியாக இரைப்பைக்குச் செலுத்தப்படும் மெல்லிய குழாயே உணவுக்கு வழி. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே கையாண்ட இம்முறை எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. எனினும் குழாய் வயிற்றை நிரப்புமேயன்றி வாய்க்கு எதையும் கற்பிப்பதில்லை. மேலும், பிளாஸ்திரியும் சளி உறிஞ்சும் குழாயுமே தன் முகம் அறிந்த ஸ்பரிசங்களாகிவிட்ட குழந்தை, வாயருகே எது வந்தாலும் அஞ்சி விலகக்கூடும்.

ஆகவே, குழாயில் பால் செல்லும் நாட்களிலேயே பயிற்சி தொடங்குகிறது. சீம்பாலில் சில துளிகளைக் கன்னத்தின் உட்புறம் தடவுவர். பாலைப் பீய்ச்சி எடுத்தபின் தளர்ந்த மார்பைச் சப்பவிட்டு, அதே வேளையில் குழாய்வழியே பால் செலுத்துவர். சப்பும் செயலும் வயிறு நிறையும் சுகமும் இவ்வாறு குழந்தையின் அனுபவத்தில் இணைகின்றன. கன்னம், உதடு, ஈறு, நாக்கு ஆகியவற்றை மெல்ல நீவுதலும் உண்டு. சாண்ட்ரா ஃபூசில் முதலியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 15 நிமிஷம் இப்பயிற்சி பெற்ற குழந்தைகள், பெறாதவற்றைவிடச் சராசரியாக ஒரு வாரம் முன்னதாக முழுப் பாலையும் வாயால் குடித்தன. 1978-இல் பொகோட்டாவில் எட்கர் ரேய் தொடங்கிவைத்த கங்காரு முறை, குழந்தையைத் தாயின் வெற்றுமார்போடு அணைத்து வைப்பதால், பால் வாசனைக்கும் முதற் பிரயத்தனங்களுக்கும் இடமளிக்கிறது.

நேரடியாகக் குடிக்க இயலாத குழந்தைக்கு நம் நாட்டு மருத்துவமனைகளில் பாலாடை பெரிதும் பயன்படுகிறது. வீட்டுச் சங்கைப் போன்ற இச்சிறு பாத்திரத்தின் மூக்கு நுனியை, நிமிர்த்திப் பிடித்த குழந்தையின் உதட்டோரத்தில் வைத்து, சில துளிகளை மட்டும் நழுவவிட்டு, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பின்னரே அடுத்த துளிகளை விடவேண்டும்.

இப்பணியில் நுட்பமானது குழந்தையின் குறிப்பறிதல். விழித்திருந்து, கையை வாய்க்குக் கொண்டுபோய், தலையைத் திருப்பித் தேடும் குழந்தை குடிக்கச் சித்தமாயிருக்கிறது; புருவம் சுளித்து, விரல்களை விரித்து, விக்கலெடுத்து, உதட்டோரம் பால் வழியவிடும் குழந்தை போதும் என்கிறது. மூன்று நான்கு முறை உறிஞ்சியதும் மூச்சுக்காக அது ஓய்வதைச் சோம்பல் என்று கருதிக் கன்னத்தைத் தட்டியும் புட்டியை அசைத்தும் அவசரப்படுத்துவது பெருந்தவறு. மூச்சு தடைப்பட்டு உதடு நீலம் பாயவும், பால் நுரையீரலுக்குள் புகவும் அது வழிவகுக்கும். எத்தனை மில்லி உள்ளே போயிற்று என்று மட்டும் கணக்கிடும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை. மிஞ்சிய பாலைக் குழாயில் விடுவது தாய்க்கும் தோல்வியன்று, குழந்தைக்கும் தோல்வியன்று. களைத்த சிசுவுக்கு அது நாம் செலுத்தும் மரியாதை.

எல்லா வேளைப் பாலையும் வாயால் குடித்து எடையும் கூடிவருமாயின் வீடு செல்ல அனுமதி கிடைக்கிறது. சில மருத்துவமனைகளில் அதற்கு முந்தைய ஓரிரு இரவுகள் தாயைக் குழந்தையோடு தனியறையில் தங்கவைத்து, செவிலியர் அழைக்கும் தூரத்தில் காத்திருக்க, இரவுப் பாலனைத்தையும் அவளையே கொடுக்கச் செய்கின்றனர்.