நாழியும் அச்சும்

முறுக்கு நாழியில் இரண்டு பாகம் உண்டு. மாவை வாங்கிக்கொண்டு மேலிருந்து அமுக்குவது நாழி. அதன் அடியில் பொருத்தும் துளைத் தகடுக்குப் பெயர் அச்சு. ஓமப்பொடிக்கு ஓர் அச்சு, தேங்குழலுக்கு ஓர் அச்சு, நாடா பக்கோடாவுக்கு ஓர் அச்சு. கை வலிக்க வலிக்க நடக்கும் பிழிகிற வேலையெல்லாம் நாழியினுடையது. வாணலியில் விழுவது என்ன பண்டம் என்று தீர்மானிப்பதோ அச்சு. எங்கள் வீட்டில் தேங்குழலுக்கான மூன்று கண் தகடு ஒன்று தொலைந்துபோய், தீபாவளி தோறும் பரண்வரை தேடப்படும், கிடைத்ததே இல்லை.

புத்தகம் அடிக்கும் இடத்துக்கு ஆங்கிலேயன் ‘பிரஸ்’ என்று பெயர் வைத்தான். அழுத்துவது என்பதுதான் அதன் வேர்ப்பொருள். ‘பிரின்ட்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததே. அவன் கண்ணுக்குப் பட்டது மேலிருந்து இறங்கி அமுக்கும் பலகை, அதாவது நாழி. தமிழன் அதே பொறியைப் பார்த்துவிட்டு அச்சு என்றான். அழுத்தத்தை விட்டுவிட்டு, உருவம் கொடுக்கும் தகட்டின் பெயரைச் சொன்னான். இந்தத் தேர்வுதான் இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த விஷயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வண்டியின் இரு சக்கரங்களையும் இணைக்கும் இருசும் அச்சுதான். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சும் முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்வது இதைத்தான். அச்சாணி இதிலிருந்து வந்தது. கணக்குப் பாடத்து எக்ஸ் அச்சும், இரண்டாம் உலகப் போரின் அச்சு நாடுகளும் இதன் வாரிசுகளே. இது ‘அக்ஷ’ என்ற வடசொல்லின் வழிவந்தது. வார்ப்புக்கான அச்சு வேறு குடும்பம். தெலுங்கு, கன்னடம், மலையாளம் எல்லாவற்றிலும் அதே ஒலியோடும் ஏறக்குறைய அதே பொருளோடும் இருக்கிறது. தெலுங்கில் உயிரெழுத்துக்கும் ‘அச்சு’ என்றுதான் பெயர். அது பாணினியின் இலக்கணத்திலிருந்து வந்த மூன்றாவது சொல். ஆக, தெலுங்குக் குழந்தை அச்சுப் புத்தகத்தில் முதலில் படிப்பதே அச்சுகளைத்தான்.

அச்சுப்பொறி வருவதற்கு முன்பே வார்ப்பு அச்சு இங்கே பல தொழில்களில் புழங்கிவந்தது. பாகை ஊற்றி ஆறவைக்கும் மரக்குழி அச்சு. அதில் விளைவது அச்சு வெல்லம். அச்சு முறுக்கின் அச்சு பூப்போல் வளைத்த இரும்பு. அதை முதலில் காயும் எண்ணெயில் சூடேற்றி, மாவில் முக்கால் ஆழம் மட்டும் முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கவேண்டும். மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. தறியில் பாவு இழைகள் ஒவ்வொன்றாகப் புகுந்துவரும் சீப்புப் போன்ற சட்டமும் அச்சு. துணியின் அகலமும் நெருக்கமும் அதன் பற்களில்தான் இருக்கின்றன. பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழை நுனிகளைப் பழையவற்றோடு ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் பொறுமையான வேலைக்கு ‘அச்சு பிணைத்தல்’ என்று பெயர். பூவேலை அச்சுக்கட்டையால் ஒற்றிய துணி, அச்சடிச் சீலை.

இவற்றில் பணமும் உண்டு. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் கோயில் விளக்குக்குக் கொடுத்த தொகையாகப் ‘பழஞ்சலாகை அச்சு’ திரும்பத் திரும்ப வருகிறது. அது ஒரு காசு. அச்சுக் குத்தி அடித்த காசு என்பதால் அச்சின் பெயரே காசுக்கும் ஆகியிருக்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. இன்றைக்கும் காசையும் ‘அடிக்கிறோம்’, புத்தகத்தையும் ‘அடிக்கிறோம்’. நோட்டீஸ் அடித்தல், போஸ்டர் அடித்தல், கல்யாணப் பத்திரிகை அடித்தல் எல்லாவற்றுக்கும் நாணயச் சாலையின் வினையே கைகொடுக்கிறது. சென்னைத் தங்கசாலையில் இது கண்ணெதிரே நடந்தது. கும்பினியின் காசு அடித்த வளாகம் பிறகு அரசாங்க அச்சகமாயிற்று. அதே பெயர் கொண்ட தெருவில்தான் ஆறுமுக நாவலர் தம் வித்தியாநுபாலன யந்திரசாலையை நடத்தினார்.

தமிழ் எழுத்துக்கு ஈய அச்சு செய்தது 1577இல், கோவாவில். ஜோவா கொன்சால்வஸ் என்ற இயேசு சபைச் சகோதரர் முயன்ற அந்த எழுத்துகள் திருப்தியாக அமையவில்லை. மறுவருடம் கொல்லத்தில் ஜோவா த ஃபாரியா வேறொரு தொகுதி வெட்டினார். ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபரில் அங்கே அச்சாயிற்று. பதினாறே பக்கம். அதன் கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தையும் கொல்லம் எழுத்தையும் தனித்தனியாக மாதிரி காட்டியிருக்கிறார்கள். எழுத்துருக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி செய்துகொடுத்த முதல் தமிழ்ப் புத்தகமும் அதுதான் என்று சொல்லலாம். இதற்கு முன் 1554இல் லிஸ்பனிலேயே ஒரு தமிழ்ப் புத்தகம் வந்திருந்தாலும், அதில் தமிழ் ஒலிகளை ரோமன் எழுத்தில் அடித்திருந்தார்கள்.

எழுத்தை எப்படி வார்த்தார்கள் என்று பார்த்தால், தமிழ்ச்சொல் எவ்வளவு கச்சிதம் என்பது விளங்கும். எஃகுக் கோலின் நுனியில் எழுத்தை இடம்வலம் மாற்றிப் புடைப்பாகச் செதுக்குவார்கள். அதைச் செம்புக் கட்டையில் வைத்து அறைந்தால், நேரான எழுத்து குழியாக விழும். அந்தக் குழிமேல் உருக்கிய உலோகத்தை ஊற்றினால் மறுபடி இடம்வலம் மாறிய எழுத்து கிடைக்கும். தாளில் பட்டதும் அது நேராகும். ஒவ்வொரு படியும் முன்னதன் அச்சு, ஒவ்வொன்றும் பின்னதற்கு அச்சு. ஊற்றும் கலவை ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும். ஆன்டிமனி சேர்ந்தால்தான் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். அதன் தாதுவுக்குத் தமிழில் அஞ்சனக்கல் என்று பெயர். கண்ணுக்கு மை எழுதப் பயன்பட்ட கல், பிற்காலத்தில் எழுத்துக்கே உடம்பாயிற்று.

தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் வந்த எழுத்துகள் அளவில் பெரியவை, தாளைத் தின்றன. சிறிய எழுத்தை உள்ளூரிலேயே வார்க்க, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயத்தை உருக்கினார்கள் என்று ஒரு செய்தி உண்டு. அங்கிருந்த பாதிரியார் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714, 1715இல் வெளிவந்தது. பிறகு எழுத்து சிறுத்துக்கொண்டே போயிற்று. 1862இல் அமெரிக்கன் மிஷன் அச்சுக்கூடத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்ட வின்சுலோ அகராதியின் பொடி எழுத்து, இன்றும் கண்ணை உறுத்தாமல் படிக்கக்கூடியது.

பெயர்ப்பலகையில் எந்தச் சொல்லை எழுதுவது என்பதில் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு ஒருமித்த கருத்து இருக்கவில்லை. 1812இல் திருக்குறள் முதன்முதலாக அச்சானபோது, ‘மாசத் தினச்சரிதையின் அச்சுக்கூடம்’ என்று போட்டிருந்தார்கள். நாவலர் யந்திரசாலை என்றார். வடமொழிப் பிடிப்புள்ளவர்கள் முத்திராக்ஷரசாலை என்றார்கள். முத்திரை, அட்சரம், சாலை மூன்றையும் ஒட்டிச் செய்த சொல். தெருவில் வழி கேட்பவன் வாயில் அது நுழைந்திருக்காது, போய்விட்டது. உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி 1887இல் வந்தது திராவிட ரத்நாகர அச்சுக்கூடத்திலிருந்து. திரு.வி.க. நடத்தியது சாது அச்சுக்கூடம். அச்சகம் என்பது பிற்பாடு வந்த, வாய்க்கு வசதியான சொல். ஆனாலும் பேச்சில் எல்லோரும் ‘பிரஸ்ஸுக்குப் போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

பொறியின் பெயரைவிட, அதைச் சுற்றிச் சேர்ந்த வினைச்சொற்கள் அழகானவை. எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வரியாக அடுக்கும் வேலைக்கு அச்சுக்கோத்தல் என்றார்கள். பூவும் முத்தும் கோக்கிற வினை. இடக்கையில் உலோகச் சட்டம், வலக்கை பெட்டியறைகளுக்கும் சட்டத்துக்குமாகப் பறக்கும். எழுத்துகள் தலைகீழாக நிற்கும். அந்தக் கோலத்திலேயே வாசித்துப் பழகியிருப்பார்கள். தமிழுக்கு இந்தப் பெட்டியறைகள் அதிகம். கு, சு, டு என்று உகர ஊகார வரிசை ஒவ்வொன்றும் ஒரு தனி உருவம் என்பதால், அதற்கே முப்பத்தாறு எழுத்து தேவை. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலானவற்றின் பழைய சுழி வடிவங்கள் இன்னும் பதின்மூன்று. பெரியார் 1935இல் குடி அரசு இதழில் அவற்றை மாற்றினார். 1978இல் தமிழக அரசு அதையே ஏற்றது. இதைச் சீர்திருத்தம் என்றே பேசுகிறோம். அச்சுக்கோப்பவரின் கையைக் கேட்டிருந்தால், சில அறைகள் மிச்சம் என்று சொல்லியிருக்கும்.

கோத்த பக்கங்களை இரும்புச் சட்டத்தில் முடுக்கி இறுக்கினால் ஒரு ஃபாரம். நம்மவர்கள் அதைப் பாரம் ஆக்கினார்கள். ‘புத்தகம் எத்தனை பாரம் வரும்?’ என்று கேட்டால் பெரும்பாலும் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கு. ஆங்கிலச் சொல்லின் திரிபுதான். ஆனால் ஈயம் இறுகிய சட்டத்தை மேசையிலிருந்து பொறிக்குத் தூக்கிக்கொண்டுபோன ஆள், அதைத் தமிழ்ச் சொல் என்றே நினைத்திருப்பார். புரூஃபுக்கு ‘மெய்ப்பு’ என்று எவரோ செய்த ஆக்கம் என் மனத்துக்கு மிக உகந்தது. மெய்யா என்று பார்ப்பது.

மெய்ப்பில் தப்பியதற்கு அச்சுப்பிழை என்று பெயர். ஏட்டில் எழுதிய காலத்தில் பிழைகள் ஆளுக்கு ஆள் வேறுபட்டன. ஒரு சுவடியில் தவறியதை இன்னொன்று காட்டிக்கொடுக்கும். அச்சு வந்தபிறகு ஆயிரம் படியிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை நின்றது. அச்சு முறுக்கின் இரும்புப் பூவில் ஓரிதழ் நெளிந்திருந்தால் அத்தனை முறுக்கும் நெளிந்தே வருவதைப் போல. பழைய புத்தகங்களின் கடைசியில் ‘பிழைதிருத்தம்’ என்று பட்டியல் போட்டு, வாசகரே மைதொட்டுத் திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வார்கள். சிலர் உண்மையாகவே திருத்தியும் இருக்கிறார்கள். அந்தப் பழுப்பு மைக் கோடுகளை நூலகங்களில் பார்க்கலாம்.

இந்த ‘ஒன்றுபோல் இருத்தல்’ என்ற பொருள்தான் பேச்சுத்தமிழில் நன்றாக வேர்விட்டது. ‘அச்சு அசல் அவங்க அப்பாதான்’ என்கிறோம். அழகான கையெழுத்தை ‘அச்சடிச்ச மாதிரி’ என்கிறோம். கடல் தாண்டிய சிங்களப் பேச்சிலும் அச்சிடுவதற்கு ‘அச்சு கஹனவா’ என்பார்கள். கஹனவா என்றால் அடிப்பது. பெயரோடு வினையும் சேர்ந்தே பயணித்திருக்கிறது.

இதற்கிடையே, பொருள் மெல்ல நழுவிப்போனது. கல்லச்சில் குழியும் இல்லை, புடைப்பும் இல்லை. தட்டைக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோடு மையைப் பிடிக்கும், ஈரமான இடம் விலக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். சிவகாசியில் தீப்பெட்டி லேபிளிலிருந்து தொழில் பெருத்து ஆஃப்செட்டுக்கு வந்தபோதும் தகடு தட்டையே. கணினியில் ஈயமும் போயிற்று. மிஞ்சிய வடிவத்துக்கு எழுத்துரு என்று பெயர் வைத்தோம். ஓவியரும் புத்தக வடிவமைப்பாளரும் இன்று கவிவனார், மீரா இனிமை, முக்த மலர் போன்ற எழுத்துருக்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்கிறார்கள். எந்தக் குழியிலிருந்தும் வாராத அவை தாளில் விழும்போது, அதையும் அச்சு என்றே சொல்கிறோம்.

கடைசியாக வந்திருப்பது முப்பரிமாண அச்சு. இழை இழையாகப் பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கி ஒரு பொருளை எழுப்பும் பொறி. வார்ப்புக் குழி வேண்டாம் என்பதே அதன் பெருமை. அக்கா மகன் கல்லூரியில் அது இருக்கிறது. போன தீபாவளிக்கு வந்தவன், பரண் தேடும் படலத்தைப் பார்த்துவிட்டு, “விடுங்க பாட்டி, அந்த மூணு கண்ணு அச்ச நான் அச்சடிச்சுக் கொண்டுவரேன்” என்றான்.

அம்மா மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தாள். “அதுக்கு அச்சு எதுடா?”