வடமத்திய மாகாணம்: குளங்கள் வளர்த்த நகரங்களும் காடுகளும்

இலங்கையின் வடமத்திய மாகாணம் அனுராதபுரம், பொலன்னறுவை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது. 1873இல் உருவாக்கப்பட்ட இது, பரப்பளவில் நாட்டின் மிகப் பெரிய மாகாணமாகும். நெற்செய்கையை நம்பி வாழும் கிராமங்களே இங்கு அதிகம். மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுடன் சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். இத்தகைய வறண்ட நிலத்தில் இரு தலைநகரங்கள் பல நூற்றாண்டுகள் செழித்தமைக்குக் காரணம், மழைநீரைத் தேக்கிய குளங்களே. இன்று பயணிகள் காணவரும் தூபிகளையும் யானைகளையும் இணைப்பவையும் அவையே.

அனுராதபுரம்

கி.மு. 4ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை தலைநகராக விளங்கிய நகரம் இது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட ஸ்ரீ மகாபோதி என்னும் வெள்ளரசு மரம் இன்றும் இங்கு வணங்கப்படுகிறது. மகாசேன மன்னன் தொடங்கிய ஜேதவனராமய தூபி, முழுதாக இருந்தபோது சுமார் 122 மீட்டர் உயரமுடையது. செங்கல்லால் கட்டப்பட்ட இதன் இன்றைய உயரம் சுமார் 71 மீட்டர். அருகிலுள்ள மிகிந்தலைக் குன்றில் பழைய மருத்துவமனையொன்றின் இடிபாடுகளையும் மூலிகை மருத்துவத்துக்குப் பயன்பட்ட கல் தொட்டியையும் காணலாம்.

கலாவெவ

5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டிய குளம் இது. இங்கிருந்து அனுராதபுரத்துக்கு நீர் கொண்டுசென்ற ஜயகங்கை என்னும் கால்வாயின் நீளம் சுமார் 87 கிலோமீட்டர். அதன் தொடக்கப் பகுதியில் நிலச்சரிவு கிலோமீட்டருக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மட்டுமே. அக்காலப் பொறியியலாளர் நிலமட்டத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தனர் என்பதற்கு இதுவே சான்று. பெருங்குளங்களின் அணைக்கட்டுகளில் ‘பிசோகொட்டுவ’ என்னும் கிணறு போன்ற அமைப்பும் உண்டு. வெளியேறும் நீரின் வேகத்தைத் தணித்து, கட்டு உடையாமல் காப்பது அதன் பணி. குளத்துக்கு அருகில், 12 மீட்டருக்கு மேல் உயரமான அவுக்கன புத்தர் சிலை பாறையில் செதுக்கப்பட்டுள்ளது.

பொலன்னறுவை

993இல் சோழர் அனுராதபுரத்தைக் கைப்பற்றிய பின் பொலன்னறுவை அவர்களின் ஆட்சி மையமாயிற்று. 1070இல் முதலாம் விஜயபாகு அதை மீட்டார். சோழர் கட்டிய வானவன்மாதேவி ஈசுவரம் என்னும் கற்கோயில் இன்றும் நிற்கிறது. புத்தரின் புனிதப் பல் பேணப்பட்ட கோயிலைக் காப்பதாக வேளைக்காரப் படையினர் உறுதியளித்த தமிழ்க் கல்வெட்டும் இந்நகரில் உள்ளது. முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரம சமுத்திரத்தை அமைத்தார். அவர் காலத்துக் கல்விகாரையில் ஒரே பாறையில் நான்கு புத்தர் உருவங்கள் உள்ளன. அவற்றுள் கிடந்த கோலச் சிலையின் நீளம் சுமார் 14 மீட்டர்.

அழிவும் மீட்பும்

13ஆம் நூற்றாண்டில் போர்களால் ஆட்சி தெற்கே நகர்ந்தது. பராமரிப்பின்றிப் பல குளங்கள் உடைந்தன, காடு மூடியது, மலேரியா பரவியது. பிரித்தானியர் காலத்தில் திருத்தப்பணி தொடங்கி, 1887இல் கலாவெவ மீண்டும் நீர் தேக்கியது. வயல்களும் குடியிருப்புகளும் படிப்படியாகத் திரும்பின.

மின்னேரியா

மின்னேரியாக் குளமும் மகாசேன மன்னன் கட்டியதே. அதைச் சூழ்ந்த காடு 1997இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நீர் வற்ற வற்ற, குளத்தின் ஓரங்களில் இளம்புல் முளைக்கும். அதை மேய நூற்றுக்கணக்கான யானைகள் கூடும். மனிதர் வெட்டிய குளமே விலங்குகளின் வாழ்விடமாகிவிட்டது. எனினும் அண்மைக் காலத்தில் மொறகஹகந்த நீர்த்தேக்கத்தின் நீர் வந்து சேர்வதால், வறட்சிக் காலத்திலும் குளம் நிறைந்திருக்கும் ஆண்டுகளில் புல்நிலம் மூழ்கிவிடுகிறது. உழவருக்கு நீர் வேண்டும். யானைக்குப் புல் வேண்டும். இரண்டுக்கும் இடம் வைத்து நீரை ஆள்வதே இன்றைய சவால்.

காணச் செல்வோர்

அனுராதபுரமும் பொலன்னறுவையும் 1982 முதல் உலக மரபுரிமைத் தலங்களாகும். விகாரைகளில் காலணியைக் கழற்ற வேண்டும். சிலைகளுக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கலாகாது. இடிபாடுகளைப் பார்த்தபின் மாலையில் ஒரு குளக்கட்டின் மீது சிறிது தூரம் நடப்பது நல்லது. ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் வயலும் தெரியும்போது, இந்நகரங்கள் எதனால் வாழ்ந்தன என்பது எளிதில் விளங்கும்.