வானவில்லில் ஏழு, அடிப்படையில் மூன்று

வானவில்லின் நிறங்கள் ஏழு என்று வகுப்பில் சொல்கிறோம். சில பக்கங்கள் தள்ளி, அடிப்படை நிறங்கள் மூன்று என்கிறோம். "இதில் எது சரி, சார்?" என்று மாணவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அறிவியல் அறிஞர்களே இதற்கு விடை காண இருநூறு ஆண்டுகள் ஆயின.

1666-ஆம் ஆண்டளவில் ஐசக் நியூட்டன், இருட்டறையில் சிறு துளை வழியே வந்த சூரிய ஒளியை முப்பட்டகத்தின் ஊடே செலுத்தினார். சுவரில் நிறமாலை விழுந்தது. வெண்ணொளி பல நிறங்களின் கலவை என்பது தெளிவாயிற்று. ஆனால் நிறமாலையில் எல்லைக்கோடுகள் இல்லை. ஒரு நிறம் அடுத்த நிறத்தில் மெல்லக் கரைகிறது. முதலில் ஐந்து நிறங்களைக் கூறிய நியூட்டன், பின்னர் ஆரஞ்சையும் கருநீலத்தையும் சேர்த்து ஏழாக்கினார். இசையின் ஏழு சுர இடைவெளிகளோடு நிறங்களை ஒப்பிட்டதே இதற்குக் காரணம். ஆக, ஏழு என்பது இயற்கை வகுத்த கணக்கன்று.

மூன்று எங்கிருந்து வந்தது? எண்ணற்ற நிறங்களுக்குத் தனித்தனி உணர்வுப் புள்ளிகள் விழித்திரையில் இருக்க இயலாது. மூன்று வகை இருந்தாலே போதும் என்று 1802-இல் தாமஸ் யங் எழுதினார். மஞ்சளும் நீலமும் கலந்தால் பச்சை என்பது சாயத்துக்குப் பொருந்தும், ஒளிக்குப் பொருந்தாது என்று 1852-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கினார். சாயங்கள் ஒளியின் சில பகுதிகளை உட்கவர்கின்றன. கலந்த சாயத்தில் இரண்டும் விட்டுவைத்த பச்சையே எஞ்சுகிறது. ஒளிக்கற்றைகளோ ஒன்றோடொன்று கூடுகின்றன.

1861-இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் இலண்டனில் இதை நேரிலேயே காட்டினார். ஒரு வண்ண நாடாவைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே தனித்தனியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் மூன்று. அவற்றை அதே நிற ஒளிகளால் ஒரே திரையில் பொருத்தி வீழ்த்தியபோது நாடா தன் வண்ணங்களோடு தோன்றியது!

வண்ணத் தொலைக்காட்சியின் மஞ்சளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளுமே தெரியும். சோடியம் விளக்கின் மஞ்சளோ 589 நானோமீட்டரை ஒட்டிய அலைநீளம் கொண்ட தூய மஞ்சள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முப்பட்டகத்துக்கு வேறு வேறு.

எனவே வானவில்லின் எண்ணற்ற நிறங்கள் ஒளியின் இயல்பு. மூன்று என்பது நம் கண்ணின் இயல்பு. நாயின் விழித்திரையில் கூம்புச் செல்கள் இருவகையே. நாய்கள் பாடநூல் எழுதினால், அடிப்படை நிறங்கள் இரண்டு என்றுதான் எழுதும்!