பவளத்தீவில் ஒரு மாலுமிக் குடும்பம்: கிளூனிஸ்-ராஸ் மரபினரின் வரலாறு

"அவன் பெரிய எம்டன்" என்று நம் மக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டெரித்துவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் இவ்வாறு நம் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டது. அக்கப்பல் முடிவெய்திய இடம் எது என்பதைப் பலர் அறியார். அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், இலங்கைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே கிடக்கும் கோக்கோஸ் அல்லது கீலிங் எனப்படும் தீவுக்கூட்டத்தருகே, ஆஸ்திரேலியப் போர்க்கப்பலாகிய சிட்னியால் அது வீழ்த்தப்பட்டது. தந்தி நிலையத்தை அழிக்கக் கரையிறங்கியிருந்த ஏறத்தாழ ஐம்பது ஜெர்மானியர் தனித்துவிடப்பட்டனர். அங்கு நங்கூரமிட்டிருந்த பழைய பாய்மரக் கப்பலொன்றைக் கைப்பற்றி அவர்கள் சுமத்ராவை நோக்கித் தப்பிச் சென்றனர். அந்தப் பாய்மரக் கப்பலின் பெயர் ஆயிஷா. அதன் உரிமையாளர் ஸ்காட்லாந்து வழிவந்த ஒரு குடும்பத்தார். இஸ்லாமியப் பெண்ணொருத்தியின் பெயர் ஸ்காட்லாந்தியர் கப்பலுக்கு வந்தது எவ்வாறு என்று வினவப் புகுவோர், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட ஒரு குடும்ப வரலாற்றினுள் நுழைந்துவிடுவர். அவ்வரலாற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

குடும்பத்தின் முதல்வரான ஜான் கிளூனிஸ்-ராஸ் 1786-இல் ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஷெட்லாந்து தீவுகளில், வைஸ்டேல் என்னும் ஊர்ப்பகுதியில் பிறந்தார். ஷெட்லாந்து மண் உழவர்க்கு இரங்காத மண். மீன்பிடிப்பும், வடகடலில் திமிங்கல வேட்டையும், கடற்படைச் சேவையுமே அங்கு இளைஞர்க்கு வாய்த்த வாழ்வு. ராஸும் அவ்வழியே கடலேறினார். 1813-இல் திமிங்கல வேட்டைக் கப்பலொன்றில் ஈட்டியெறிபவராகக் கீழைக்கடலுக்கு வந்தவர், தீமோரில் வேறொரு கப்பலின் தலைமைப் பதவி வாய்க்கவே அதனை ஏற்றார். அக்கப்பல் அலெக்சாண்டர் ஹேர் என்னும் வணிகருடையது. ஜாவா அந்நாளில் ஆங்கிலேயர் கையில், ராஃபிள்சின் ஆட்சியில் இருந்தது. ராஃபிள்சின் நண்பரான ஹேர் போர்னியோவின் பஞ்சர்மாசினில் ஆங்கில அரசின் பிரதிநிதியாக அமர்த்தப்பட்டிருந்தார். அங்கே சுல்தானிடமிருந்து பெருநிலம் பெற்று, ஜாவாவிலிருந்து குற்றவாளிகளையும் ஏழைகளையும் வருவித்துத் தமக்கென ஒரு சிற்றரசை நடத்திவந்தார். ராஸ் அவரிடம் கப்பல் கட்டும் பணியை மேற்பார்த்தார். அங்கு கட்டிய ஒரு கப்பலுக்குப் போர்னியோ என்றே பெயரிட்டனர்.

1816-இல் ஜாவா மீண்டும் டச்சுக்காரர் கைக்குச் சென்றது. ஹேரின் சிற்றரசும் சரிந்தது. தம்மிடமிருந்த அடிமைகளுடன் அவர் சிலகாலம் நன்னம்பிக்கை முனையில் தங்கினார். அப்பால், எவ்வரசின் சட்டமும் எட்டாத ஓரிடத்தைத் தேடலானார். ராஸும், வேறு காரணத்திற்காக, அத்தகைய இடமொன்றை நாடியிருந்தார். கீழைக்கடலுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே சரக்கு வைத்து மாற்றும் நிலையமொன்று அமைக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். 1825-இன் இறுதியில் அவர் கோக்கோஸ் தீவில் இறங்கிக் கிணறு தோண்டி, விதையூன்றிவிட்டுக் குடும்பத்தை அழைத்துவரத் தாயகம் சென்றார். 1609-இல் கப்பல் தலைவர் கீலிங் கண்டதாகச் சொல்லப்படும் இத்தீவுகள் அதுவரை ஆளற்றவை. இருபத்தேழு சிறு பவளத்தீவுகள். மொத்த நிலப்பரப்பு பதினான்கு சதுர கிலோமீட்டர் மட்டுமே.

1827-இல் மனைவி எலிசபெத், மக்கள், மாமியார், சில மாலுமிகள் ஆகியோருடன் ராஸ் திரும்பி வந்தபோது தீவு ஆளற்றிருக்கவில்லை. 1826-இலேயே ஹேர் ஏறத்தாழ நூறு பேருடன் அங்குக் குடியேறிவிட்டிருந்தார். பழைய முதலாளியும் பழைய பணியாளரும் இப்போது ஒரே கடற்காயலின் இருகரையில் பகைவராயினர். 'முதலில் வந்தவர் யார்' என்ற வழக்கு இருவர் எழுத்துகளிலும் நீண்டு கிடக்கிறது. வரலாற்று மாணவர் பலர் இவ்வழக்கிலேயே தங்கிவிடுகின்றனர். அது பெரிய வினாவன்று என்பது என் கருத்து. ஹேர் கொண்டுவந்த நூறு பேர் எவருடைய வழக்கிலும் கட்சிக்காரராகச் சேர்க்கப்படவில்லை என்பதே நாம் நின்று நோக்கவேண்டியது. மலாய் மொழி பேசிய அவர்கள் போர்னியோ, ஜாவா, பாலி, செலிபீஸ் எனப் பல தீவுகளினின்றும் பிடுங்கப்பட்டு வந்தவர்கள். பெண்களும் சிறுவருமே மிகுதி. அடிமை வணிகத்தை ஆங்கிலப் பாராளுமன்றம் 1807-இலேயே தடைசெய்திருந்தது. ஆயினும் அத்தடை கடல்நடுவில் கிடந்த இம்மணற்றிட்டை எட்டவில்லை.

ஹேரின் ஆட்களுள் பலர் ஒவ்வொருவராக அவரை விட்டு ராஸின் பக்கம் சேர்ந்தனர். 1831-இல் ஹேர் தீவை விட்டகன்றார். எஞ்சியோர் அனைவரும் ராஸின்கீழ்த் தங்கினர். அவர்கள் தேங்காய் பொறுக்கி, உரித்து, எண்ணெயும் கொப்பரையுமாக்கிக் கொடுக்க, குடும்பத்தின் கப்பல்கள் அவற்றை ஜாவாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு சென்றன. மாலுமிக் குடும்பம் இவ்வாறு தோட்ட முதலாளிக் குடும்பமாயிற்று. எனினும் கப்பல் கட்டுதலும் ஓட்டுதலும் கடைசித் தலைமுறைவரை அவர்கள் கைவிட்டு அகலவில்லை.

1836 ஏப்ரலில் பீகிள் கப்பலில் சார்லஸ் டார்வின் இங்கு வந்தார். பவளத்தீவுகள் தோன்றும் முறைபற்றிய அவருடைய கோட்பாட்டிற்கு இத்தீவே நேரடிச் சான்றாயமைந்தது. ராஸ் அப்போது தீவில் இல்லை. மலாய் மக்களைப் பற்றி டார்வின் எழுதிய குறிப்பு சுருக்கமானது, ஆனால் கூரியது: பெயரளவில் அவர்கள் சுதந்திரர், அவர்களை நடத்தும் முறையிலும் கொடுமை இல்லை, ஆயினும் பெரும்பாலான பிறவற்றில் அவர்கள் அடிமைகளாகவே கருதப்படுகின்றனர் என்பது அதன் சாரம். பின்வந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறும் இவ்வொரு குறிப்பின் விரிவுரையே எனலாம்.

முதலாம் ராஸ் 1854-இல் மறைந்தார். அவர் மகன் ஜான் ஜார்ஜ் காலத்தில், 1857-இல், ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஃப்ரீமாண்டில் வந்து தீவுகளை அரசிக்கு உரியவை என அறிவித்து, ராஸையே மேற்பார்வையாளராக நியமித்துச் சென்றார். அவர் வேறொரு தீவுக்கூட்டத்தை இணைக்க அனுப்பப்பட்டுப் பெயர் மயக்கத்தால் இங்கு வந்துவிட்டார் என்று சொல்வதுண்டு. பேரரசுகள் இவ்வாறும் விரிந்தன! 1878-இல் தீவுகள் இலங்கை அரசின் பொறுப்பிலும், 1886-இல் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களின் பொறுப்பிலும் வைக்கப்பட்டன. அதே 1886-இல் விக்டோரியா அரசியார் நிலமுழுவதையும் ராஸ் குடும்பத்திற்கு நிலையான உரிமையாக எழுதிக் கொடுத்தார். அந்த ஆவணம் கையெழுத்தான நாளில் தீவில் பிறந்து மடிந்து மூன்று தலைமுறை கண்டிருந்த மலாய் மக்களின் பெயரில் ஒரு முழ நிலமும் எழுதப்படவில்லை.

இவ்விடத்தில் குடும்ப மரபினைச் சற்று நோக்குவோம். நம் திருச்சபைகளின் திருமுழுக்குப் பதிவேடுகளை வைத்துக் குடும்ப வரலாறு எழுதுவோர் ஆண்வழியை மட்டும் எழுதி முடித்துவிடுவதை அறிவோம். ராஸ் மரபும் ஒன்றாம் ராஸ், இரண்டாம் ராஸ் என்று அரசர் வரிசைபோலவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆனால் இரண்டாம் ராஸின் மனைவி சுபியா துபோங் என்னும் மலாய்ப் பெண். மூன்றாம் ராஸான ஜார்ஜின் மனைவி இனின் என்பவரும் தீவின் மலாய்ப் பெண்ணே. ஆகவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'வெள்ளை அரசர்' என்று செய்தித்தாள்கள் வருணித்த குடும்பம், பாதிக்கு மேல் ஆண்டவருக்கும் ஆளப்பட்டவருக்கும் பொதுவான இரத்தமுடையது. ஆயிஷா என்னும் கப்பற்பெயரின் பின்னணி இதுவே. உறவு இருந்தது, உண்டாட்டும் மணவினையும் இருந்தன, நிலமும் உரிமையும் மட்டும் ஒரு வழியிலேயே இறங்கின. மலாய் மக்கள் இஸ்லாத்திலேயே நிலைத்தனர். இன்றும் அவ்வாறே உள்ளனர்.

தோட்டத்தின் ஆட்சிமுறையைக் குறித்து இருவகைச் சான்றுகள் உண்டு. புயல்கள் 1862, 1876, 1909 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்களைச் சூறையாடியபோது குடும்பத்தார் மக்களோடு நின்று மீண்டும் நட்டனர். சிறுவர் தச்சும் கொல்லும் படகுத் தொழிலும் கற்றனர். முதியோர் கைவிடப்படவில்லை. இவை உண்மை. மற்றொரு பக்கமும் உண்மையே. கூலி நாணயமாகக் கொடுக்கப்படவில்லை. முதலில் தோலில் எழுதிய சீட்டுகளாகவும், இருபதாம் நூற்றாண்டில் தந்தம்போன்ற செயற்கைப் பொருளாலான வில்லைகளாகவும் கொடுக்கப்பட்டது. 'ரூபாய்' என்றே அவற்றுக்குப் பெயர். ஆனால் குடும்பத்தின் கடையிலன்றி வேறெங்கும் அவை செல்லா. தீவை விட்டு வெளியேறியவர் திரும்பி வருதல் இயலாது என்பது வழக்கம். நீதி வழங்கியவரும் முதலாளியே. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1921-வரை நிலவிய 'துண்டு' முறையை நினைவுகூர்வோர்க்கு இவ்வேற்பாட்டின் இயல்பை விளக்கவேண்டுவதில்லை. அங்கே கடன் தொழிலாளியைக் கட்டிற்று. இங்கே கடலும் கடையும் கட்டின. கொடுமையற்ற கட்டு என்பதாலேயே அதைக் கட்டு என உணர நெடுங்காலம் பிடித்தது.

இரண்டாம் உலகப் போரில் இலங்கைக்கு மற்றொரு துயரத் தொடர்பு நேர்ந்தது. 1942 மே மாதம், ஹார்ஸ்பர்க் தீவில் பீரங்கிக் காவலிருந்த இலங்கைப் படையினர் சிலர் கிராஷன் பெர்னாண்டோ என்பவர் தலைமையில் கலகம் செய்தனர். கலகம் அடக்கப்பட்டது. பெர்னாண்டோவும் வேறிருவரும் ஆகஸ்டில் கொழும்பில் தூக்கிலிடப்பட்டனர். நான்காம் ராஸான ஜான் சிட்னி 1944-இல் மறைந்தார். அவர் மகனான ஜான் சிசில் போருக்குப்பின் தீவை ஏற்க வந்தபோது வயது இருபதைத் தாண்டவில்லை. மக்கள்தொகை பெருகிக் கொப்பரை வருவாய் போதாததாயிற்று. 1948-க்கும் 1951-க்கும் இடையே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வட போர்னியோவுக்கும், சிங்கப்பூருக்கும், கிறிஸ்துமஸ் தீவுக்கும் பெயர்ந்தனர். ஒருகாலத்தில் பாட்டன்மார் போர்னியோவிலிருந்து கொணரப்பட்டனர். பேரப்பிள்ளைகள் போர்னியோவுக்கே புறப்பட்டனர்.

1955 நவம்பரில் தீவுகள் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்த காலத்தில் தனிக்குடும்பமொன்றின் ஆட்சி நீடிப்பது ஐக்கிய நாடுகள் சபையின் கவனத்திற்கு வந்தது. 1974-இல் அச்சபையின் குழு நேரில் வந்து பார்த்தது. ஜான் சிசில் தம் மக்கள் நிறைவுடன் வாழ்வதாகவே வாதிட்டார். அவர் பொய்யுரைத்ததாக நான் கருதவில்லை. அவர் கண்ட நிறைவு அவருடைய அளவுகோலால் அளந்த நிறைவு. 1978-இல் ஆஸ்திரேலிய அரசு, குடும்பத்தின் மாளிகையும் அதனைச் சூழ்ந்த நிலமும் நீங்கலாக ஏனையவற்றை அறுபத்திரண்டரை இலட்சம் டாலருக்கு வாங்கிற்று. பின்னர் மாளிகையையும் கட்டாயமாகக் கைப்பற்ற முயன்றபோது, ஒரு மனிதரை ஊரைவிட்டு அகற்றுவதற்காக மட்டும் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தைப் பயன்படுத்தலாகாது என்று 1984-இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் தடுத்தது. இத்தீர்ப்பை நான் வரவேற்கிறேன். அநீதியான உடைமையை முடிக்கும் வழியும் நீதியாயிருத்தல் வேண்டுமன்றோ?

அதே 1984-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையாளர் முன்னிலையில் தீவு மக்கள் தங்கள் வருங்காலம் குறித்து வாக்களித்தனர். ஆஸ்திரேலியாவுடன் முழுமையாக இணைவதற்கு 229 பேரும், தளர்ந்த கூட்டுறவுக்கு 21 பேரும், தனி விடுதலைக்கு 9 பேரும் வாக்களித்தனர். ஹேர் நூறு பேரைக் கரையிறக்கி 158 ஆண்டுகளுக்குப் பின், அவர்களுடைய வழித்தோன்றல்களிடம் ஒரு வினா முதன்முறையாக விடுக்கப்பட்டது; அவர்கள் வரிசையில் நின்று விடையளித்தனர்.