சாமியும் இல்லை, நடிப்பும் இல்லை

நம்ம ஊரில் ஒரு பொண்ணு கைகால் வெட்டி விழுந்தால் மூணு தீர்ப்புதான். வலிப்பு, இரும்புச் சாவியைக் கையில் கொடு. இல்லையா, பேய் பிடிச்சிருக்கு. அதுவும் இல்லையா, நடிக்கிறா. நாலாவதாக ஒன்று உண்டு. இந்தப் பதிவு அதன் கதை.

'ஹிஸ்டீரியா' என்ற பேரே கர்ப்பப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெண்கள் வியாதி என்று ஒதுக்கிவிட்டார்கள். 19-ம் நூற்றாண்டில் பாரீஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோ என்ற நரம்பியல் டாக்டர்தான் இதை நிஜமான வியாதியாக எடுத்துக்கொண்டு, ஆண்களுக்கும் வரும் என்று காட்டினார். 1885-ல் அவரிடம் படிக்கப் போனவர் ஃப்ராய்டு. 1889-ல் பியேர் ஜானே இன்னும் ஒரு படி போனார்: தாங்க முடியாத அதிர்ச்சியில் மனசின் ஒரு பகுதி பிரிந்து தனியாக இயங்குகிறது என்றார். இன்றைய 'டிஸோசியேஷன்' கருத்துக்கு வேர் அதுதான். முதல் உலகப் போரில் நடுங்கியும் பேச்சிழந்தும் திரும்பிய சிப்பாய்களைப் பார்த்த பிறகு, 'பெண்கள் வியாதி' என்ற பேச்சு நிற்கவில்லை.

அப்புறம் ஒரு சோகம். நரம்பியல் ஒரு பக்கம், மனநலம் ஒரு பக்கம் என்று துறைகள் பிரிந்தன; நோயாளி நடுவில் மாட்டிக்கொண்டார். நம் நாட்டில் இரண்டையும் ஒரே வளாகத்தில் வைத்தது 1974-ல் உருவான பெங்களூரு நிம்ஹான்ஸ்.

வீடியோ இ.இ.ஜி. வந்தபின் விஷயம் தெளிவானது. உடம்பு வெட்டும்போது மூளையில் வலிப்புக்கான மின்னலை இல்லை. ஆனால் நடிப்பும் இல்லை. அது அவர் கையில் இல்லை. இவர்களில் பலருக்கு மனச்சோர்வு, பதற்றம், பழைய அதிர்ச்சி கூடவே இருக்கும். சிலருக்கு நிஜ வலிப்பும் சேர்ந்திருக்கும். வலிப்பு மாத்திரை மட்டும் இதற்குத் தீர்வில்லை. 2020-ல் வந்த ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், பேச்சு சிகிச்சை ஒரு வருஷ முடிவில் வெட்டின் எண்ணிக்கையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கை மேம்பட்டது.

இதை திக்லிபூரிலிருந்து எழுதக் காரணம் இருக்கிறது. 2002 செப்டம்பரில் நிலநடுக்கம், 2004 டிசம்பரில் சுனாமி பார்த்த தீவுகள் இவை. பயம் உடம்பில் தங்கும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். பெரிய நரம்பியல் மையங்களுக்கு சென்னை, பெங்களூர் என்று கடல் தாண்ட வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள் மக்களே. யாராவது இப்படி விழுந்தால் சாவியைத் தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், அடிபடாமல் பாருங்கள், செல்போனில் படம் எடுங்கள். கண் மூடியிருந்ததா, எத்தனை நிமிஷம் நீடித்தது, எல்லாம் டாக்டருக்கு உதவும். ஐந்து நிமிஷம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். முக்கியமாக, எழுந்ததும் 'ஏன் நடிச்சே?' என்று மட்டும் கேட்காதீர்கள்.