முற்றத்துத் தொலைநோக்கியும் மூன்று அவதான நிலையங்களும்



இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறங்களில் வாழ்வோருக்கு மழை புதிதன்று. ஆயினும் தை, மாசி மாதங்களில் மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்து நிற்கும் இரவுகள் பல உண்டு. இஷாத் தொழுகை முடிந்து, தேயிலை மலையோரப் பாதையால் வீடு திரும்பும் ஓர் இளைஞன் தலையை உயர்த்திப் பார்த்தால், கொழும்பு நகரத்தவர் காணக் கிடைக்காத நட்சத்திரக் கூட்டத்தைக் காண்பான். தெருவிளக்குகள் குறைந்த இடம் என்று நாம் குறைபட்டுக்கொள்ளும் அதே இடம், வானத்தைக் கற்போனுக்கு ஒரு பெரும் வாய்ப்பாகும்.

அத்தகைய பிள்ளை ஒருநாள், "வாப்பா, எனக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தாருங்கள்" என்று கேட்டால் நாம் என்ன சொல்வோம்? இது வீண் செலவல்லவா என்ற ஐயம் ஒரு புறம். நட்சத்திரம் பார்ப்பது சோதிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுமோ என்ற அச்சம் மறுபுறம். இவ்விரண்டும் நியாயமான கேள்விகளே. இவற்றுக்கு நமது வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அதனை இன்று சற்று விரிவாக நோக்குவோம்.

வானத்தோடு நமக்குள்ள உறவு புதியதன்று. நமது மாதங்கள் பிறையைக் கொண்டு தொடங்குகின்றன; தொழுகை நேரங்கள் சூரியனின் நகர்வைக் கொண்டு அமைகின்றன. இந்தத் தீவுக்கு வந்த அரபு மாலுமிகள் நட்சத்திரங்களின் உயரத்தை அளந்தே கடலைக் கடந்தார்கள். 'கமால்' என்பது அவர்களது கருவி. ஒரு சிறு மரப்பலகையும், முடிச்சுகள் இடப்பட்ட ஒரு கயிறுமே அதன் முழு உருவம். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்திலும் மேல் விளிம்பை நட்சத்திரத்திலும் பொருத்திப் பார்ப்பார்கள். உயரத்தை 'விரல்' என்னும் அளவால் கூறுவார்கள். சப்ரகமுவையில் துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய 7 பாகை, அதாவது அவர்களது கணக்கில் நான்கு விரலை அண்மித்த அளவேயாகும். ஆதலால் நமது மலைகள் பெரும்பாலும் அதனை மறைத்துவிடுகின்றன. அதற்கு ஈடாக, அரபிகள் 'ஸுஹைல்' என அழைத்த பேரொளி நட்சத்திரம், மாசி மாத முன்னிரவில் நமது தென்திசை வானில் 30 பாகை உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. முற்றத்தில் நின்று அதனைக் காணும் பிள்ளை, தன் முன்னோரின் வழிகாட்டியைக் காண்கிறான்.

தொலைநோக்கியின் கதைக்கு வருவோம். இரத்தினபுரியில் மாணிக்க வியாபாரம் செய்யும் நம்மவர்கள் சிறு வில்லையைக் கண்ணருகே பிடித்துக் கல்லின் உள்ளே நோக்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஒளி எவ்வாறு பயணம் செய்து நமது கண்ணை அடைகிறது என்பதைச் சோதனைகளின் மூலம் ஆராய்ந்து, 11ஆம் நூற்றாண்டில் பெருநூலொன்றைத் தந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம். அந்நூல் இலத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியரின் ஒளியியல் கல்விக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று. 1608இல் ஒல்லாந்தில் கண்ணாடி செய்வோர் இரு வில்லைகளை ஒரு குழாயில் பொருத்தித் தொலைநோக்கி செய்தனர். அடுத்த ஆண்டே இத்தாலியில் கலிலியோ அதனைத் தாமே செய்து வானத்தை நோக்கித் திருப்பினார். 1610 ஜனவரி 7ஆம் திகதி வியாழனருகே மூன்று சிறு ஒளிப்புள்ளிகளைக் கண்டு குறித்துவைத்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறுவதையும் குறித்தார், நான்காவதையும் கண்டார். அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்பது அந்தக் குறிப்புகளிலிருந்தே புலனாயிற்று. அவரது குழாய் ஏறக்குறைய இருபது மடங்கே பெருக்கிக் காட்டியது. இன்று ஆரம்ப மாணவருக்கென விற்கப்படும் சிறு தொலைநோக்கி அதனைவிடச் சிறந்தது என்பதை நாம் மனத்தில் கொள்ளவேண்டும்.

இனி, முஸ்லிம் உலகின் மூன்று அவதான நிலையங்களைப் பார்ப்போம்.

முதலாவது சமர்கந்து. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆட்சியாளர் உலூக் பேக் அங்கே மாபெரும் அவதான நிலையத்தை எழுப்பினார். அப்போது தொலைநோக்கி இல்லை. ஏறக்குறைய 40 மீற்றர் ஆரையுடைய கல்வளைவொன்றினால் கோணங்களை அளந்தார்கள். 1018 நட்சத்திரங்களின் அட்டவணை 1437 அளவில் நிறைவுற்றது. 1449இல் உலூக் பேக் கொல்லப்பட்டார். நிலையமும் பின்னர் அழிந்து மண்ணுக்குள் மறைந்தது. ஆனால் அட்டவணை மறையவில்லை. அவரோடு பணியாற்றிய அலீ குஷ்ஜி இறுதியில் இஸ்தான்பூலைச் சென்றடைந்தார். அட்டவணையின் பிரதிகள் நாடு நாடாகப் பரவின. 1665இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டிலும் அது அச்சாயிற்று. புதையுண்ட கட்டடத்தின் எச்சங்கள் 1908இலேயே தோண்டிக் கண்டுபிடிக்கப்பட்டன.

இரண்டாவது இஸ்தான்பூல். உஸ்மானிய சுல்தான் மூன்றாம் முராத் காலத்தில், தகியுத்தீன் என்னும் பேரறிஞர் 1577இல் அங்கு அவதான நிலையத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு வானில் பெரிய வால்வெள்ளியொன்று தோன்றியது. அரசவையில் அதற்குச் சோதிடப் பலன் எதிர்பார்க்கப்பட்டது. போரில் வெற்றி கிட்டும் என்று பலன் கூறப்பட்டது. ஆனால் அடுத்து வந்த காலம் துன்பங்களையும் கொண்டுவந்தது. எதிர்ப்பும் அரசவைப் போட்டியும் மூண்டன. 1580இல் சுல்தானின் கட்டளைப்படி நிலையம் இடித்துத் தள்ளப்பட்டது. அதே வால்வெள்ளியை டென்மார்க்கிலிருந்து அவதானித்த டைக்கோ பிராஹே, அதன் இடத்தை அளந்து, அது சந்திரனுக்கும் அப்பால் உள்ளது என்று காட்டினார். ஒரே வால்வெள்ளி, ஓரிடத்தில் அது பலன் சொல்லப் பயன்பட்டது, மற்றோரிடத்தில் அளக்கப்பட்டது. தகியுத்தீன் திறமையில் குறைந்தவரல்லர். ஆயினும் அவரது பணியோடு சோதிடம் ஒட்டிக்கொண்டதே அதற்கு வினையாயிற்று. பிள்ளையின் தொலைநோக்கியைக் கண்டு அஞ்சும் பெற்றோர் இங்கு ஒன்றைக் கவனிக்கவேண்டும். அஞ்சத்தக்கது வானத்தைப் பார்ப்பதன்று. பார்த்ததை விட்டுவிட்டுப் பலன் சொல்லத் தொடங்குவதே.

மூன்றாவது நமக்கு அண்மையிலுள்ள ஹைதராபாத். அங்கே நிஸாமின் ஆட்சியில் உயர் பதவி வகித்தவர் நவாப் ஸஃபர் ஜங். வானவியலில் ஆர்வம் கொண்டிருந்த அவர், இங்கிலாந்திலிருந்து 15 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கியொன்றை வரவழைத்து, 1901இல் தமது பிஸல்பண்டா வளவிலேயே ஓர் அவதான நிலையத்தை ஏற்படுத்தினார். பெரும் செல்வந்தர் ஒருவரின் முற்றத்துத் தொலைநோக்கி என்றே அதனைச் சொல்லலாம். அவர் விரும்பியிருந்தால் அது விருந்தினருக்குக் காட்டும் அலங்காரப் பொருளாக இருந்து, அவரோடு முடிந்திருக்கும். ஆனால் தமக்குப் பின் அரசு அதனைப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அவரது விருப்பமாயிருந்தது. 1907இல் அவர் மறைந்தார். 1908இல் நிஸாமின் அரசு அதனைப் பொறுப்பேற்றது. நிலையம் பேகம்பேட்டைக்கு மாற்றப்பட்டது. 1919இல் அது உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது.

அக்காலத்தில் உலகின் பல நாடுகள் வானத்தைப் பங்கிட்டுப் புகைப்படம் எடுத்து, நட்சத்திர அட்டவணை தயாரித்துக்கொண்டிருந்தன. 1887இல் பாரிஸில் தொடங்கிய முயற்சி அது. சிலி நாட்டின் சாந்தியாகோ நிலையத்தால் நிறைவேற்ற முடியாதுபோன பகுதியொன்று ஹைதராபாத்துக்கு வழங்கப்பட்டது. சட்வூட், பொகொக், பாஸ்கரன் ஆகியோரின் பொறுப்பில் பல்லாண்டுகள் இரவில் படமெடுத்து, பகலில் அளந்து, ஏழரை இலட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்களை அங்கு பதிவு செய்தார்கள். 1944இல் பணிப்பாளரான கலாநிதி அக்பர் அலி, நகரத்தின் ஒளி எட்டாத ஒரு கிராமப்புறத்தில் 48 அங்குலத் தொலைநோக்கி அமைய வழிகோலினார். ஜப்பல் ரங்காபூரில் அது பின்னாளில் நிறுவப்பட்டது.

அந்த நிலையத்தில் பணியாற்றிய ஊழியர் ஒருவரின் மகன், தந்தையோடு சென்று தொலைநோக்கியின் அருகே வளர்ந்தான். வைனு பாப்பு என்பது அவனது பெயர். ஹைதராபாத் அரசின் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் ஹாவார்டுக்குச் சென்ற அவர், மாணவராக இருக்கும்போதே 1949இல் ஒரு வால்வெள்ளியைக் கண்டுபிடித்தார். இன்றும் அது அவரது பெயரையும் தாங்கி நிற்கிறது. பின்னர் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் அவதான நிலையத்தை உருவாக்கினார். 1982இல் அவர் மறைந்தபின், 1986இல் அங்கு இயங்கத் தொடங்கிய 2.3 மீற்றர் தொலைநோக்கிக்கு அவரது பெயரே சூட்டப்பட்டது. ஒரு முஸ்லிம் செல்வந்தர் பொதுச்சொத்தாக விட்டுச்சென்ற கருவியின் நிழலில், வேறு சமயத்தைச் சேர்ந்த ஓர் ஊழியரின் மகன் கற்று, ஒரு நாட்டின் வானவியலுக்கே வழிகாட்டினார். நிலையான தர்மம் என்று நாம் கூறுவதன் பொருள் இதில் விளங்குகிறதல்லவா?

இம்மூன்று வரலாறுகளும் ஒன்றையே சொல்கின்றன. கருவிகள் அழியக்கூடியன. பார்த்ததை உள்ளபடி எழுதிவைத்தலும், கருவியைப் பிறரோடு பகிர்தலுமே நிலைத்தன.

அன்பு இளைஞர்களே! உங்கள் முற்றத்தில் இதனைத் தொடங்குவது எளிது. 60 அல்லது 70 மில்லிமீற்றர் முன்வில்லையுடைய சிறு தொலைநோக்கி போதுமானது. அதன் குவியத்தூரம் 700 மில்லிமீற்றர், பார்வைத்துண்டு 20 மில்லிமீற்றர் எனில், ஒன்றை மற்றதால் வகுக்க 35 மடங்கு பெருக்கம் கிடைக்கும். முன்வில்லையின் மில்லிமீற்றர் அளவைப் போல் இருமடங்குக்கு மேல் பெருக்கினால் உருவம் மங்கிவிடும். ஆகவே பெட்டியின் மேல் ஐந்நூறு மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அதனை நம்பி வாங்க வேண்டாம். ஆடாத முக்காலியே முக்கியம்.

பகற்பொழுதில் தொலைவிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையின் கூரை போன்ற ஒன்றை நோக்கி, துணைக்குழாயையும் பெரிய குழாயையும் ஒரே இடம் காட்டுமாறு பொருத்திக்கொள்ளுங்கள். ஆனால் எக்காரணம் கொண்டும் சூரியனை நோக்கித் திருப்பிவிடாதீர்கள். ஒரு கணத்தில் கண்பார்வை பறிபோய்விடும். பெற்றோர் இதில் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

முதல் இரவில் சந்திரனைப் பாருங்கள். முழுநிலவன்று அதன் மேடுபள்ளங்கள் தெரியமாட்டா. ஏழாம் எட்டாம் பிறையில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே மலைகளின் நிழல்கள் நீண்டு கிடப்பதைக் காணலாம். அடுத்து வியாழனைப் பார்த்து அதன் நிலவுகளை இரவுக்கிரவு வரைந்து வாருங்கள். சனியின் வளையம் 35 மடங்கிலேயே தெரியும். 964இல் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 'சிறு மேகம்' எனக் குறித்த அந்திரோமேடாவையும் கார்த்திகை, மார்கழி இரவுகளில் வடதிசையில் தேடலாம். ஒளி 25 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வரும் தூரத்திலுள்ளது அது. பார்த்து முடிந்ததும் வில்லையைத் துணியால் துடைக்காதீர்கள். நமது ஈரக்காற்றில் வில்லைமேல் பூஞ்சணம் படியும். காலணிப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிவையுங்கள்.

இதில் சமூகத்துக்கும் ஒரு பயனுண்டு. நமது நாட்டில் கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் உலமாக்களும் பொறுப்புடையோரும் கூடி, ஊர்களிலிருந்து வரும் சாட்சியங்களை ஆராய்ந்து பிறையைத் தீர்மானிக்கிறார்கள். தொலைநோக்கியால் கண்ட பிறையை ஏற்பதா என்பது உலமாக்கள் தீர்மானிக்கும் விடயம். அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. ஆனால் மாதந்தோறும் மேற்கு வானத்தைப் பார்த்துப் பழகியவன், பிறை எத்திசையில், எவ்வளவு நேரம், எப்படிச் சாய்ந்து நிற்கும் என்பதை அறிவான். வெள்ளிக் கிரகத்தையோ ஒரு முகில்கீற்றையோ பிறையென்று சொல்லிவிடமாட்டான். வீணான சச்சரவுகள் குறைய அத்தகைய நல்ல சாட்சிகள் நமக்குத் தேவை.

பெற்றோர்களே! ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தொலைநோக்கி தேவையில்லை. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்தோ, பாடசாலையின் பெயரிலோ ஒன்றை வாங்கலாம். பக்கத்து லயன் வீட்டுப் பிள்ளைகளையும் அழையுங்கள். ஆண்பிள்ளைகளைப் போலவே பெண்பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள். அட்டைக்கடியைப் பொறுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நீங்களும் முற்றத்தில் அமருங்கள். அதோடு ஒரு கொப்பியையும் வாங்கிக் கொடுங்கள். திகதி, நேரம், கண்ட பொருள், வானின் நிலை ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். முகில் மறைத்ததால் ஒன்றும் காணவில்லை என்றால், அதனையும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். காணாததைக் கண்டதாக எழுதாத கை, வாழ்விலும் பொய்ச்சாட்சி சொல்லத் தயங்கும்.

வானத்தைப் படைத்து, அதில் சிந்திப்போருக்கு அத்தாட்சிகளை வைத்த வல்ல நாயன், நமது பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் அதனைப் பிறரோடு பகிரும் மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.