கிடங்கு, குடோன், கிட்டங்கி: சொற்பொருள் மாற்றமும் நகரத்தார் வணிக வரலாறும்

காரைக்குடி வட்டாரத்தில் பண்டங்களைச் சேமிக்கும் இடத்தைக் குறிக்க இன்று மூன்று சொற்கள் வழங்குகின்றன. அரசு ஆவணங்களில் 'கிடங்கு'. கடைத்தெருப் பேச்சில் 'குடோன்'. பழைய வணிகர் வழக்கில் 'கிட்டங்கி'. இம்மூன்றும் ஒரே வேரோடு தொடர்புடையவை என்பது பலராலும் உணரப்படுவதில்லை. கடல்கடந்த நகரத்தார் வணிகத்தில் 'கிட்டங்கி' பெற்ற பொருளை அகராதிப் பொருளோடு நிறுத்திக்கொண்டால், அவ்வணிகத்தின் இயல்பையே பிழைபட உணர நேரும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

'கிட' என்னும் வினையடியிலிருந்து பிறந்த 'கிடங்கு' பழந்தமிழில் அகழியையே குறித்தது. மதுரைக்காஞ்சி மதுரை நகரின் ஆழ்ந்த அகழியை இச்சொல்லாலேயே சுட்டுகிறது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனான ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்று திண்டிவனத்தை அடுத்த கிடங்கில். பள்ளத்தைக் குறித்த சொல் பண்டம் 'கிடக்கும்' இடத்தைக் குறிக்கலானது பிற்கால வளர்ச்சி. தானியத்தைக் குழியிலிட்டுக் காக்கும் வழக்கம் இம்மாற்றத்திற்குப் பாலமாக அமைந்திருக்கலாம்.

ஆங்கிலத்தில் 'குடோன்' எனப் புழங்கும் சொல்லின் வரலாற்றை யூல், பர்னல் ஆகியோர் 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி விரிவாகப் பேசுகிறது. மலாய்த் துறைமுகங்களில் ஐரோப்பியர் இச்சொல்லைக் கேட்டு இந்தியாவுக்குக் கொணர்ந்தனர் என்றும், ஆயினும் அதன் முதல் தோற்றம் தெலுங்கு 'கிடங்கி', தமிழ் 'கிடங்கு' ஆகியவற்றிலேயே இருத்தல் கூடும் என்றும் அவர்கள் கருதினர். இந்தியிலும் வங்காளத்திலும் உள்ள 'குதாம்' ஆங்கிலோ-இந்திய வடிவிலிருந்து வந்தது என்பது அவர்தம் முடிவு. அதே 1886இல் ஹாங்காங்கில் தொடங்கப்பெற்ற துறைமுக நிறுவனம் ஒன்று தன் பெயரிலேயே 'குடோன்' என்பதைக் கொண்டிருந்தது. தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்ட சொல் சீனக் கரைவரை சென்று, வேற்றுருவில் தமிழுக்குள் மீண்டது எனலாம்.

அவ்வகராதி தரும் மற்றொரு செய்தி நம் ஆய்வுக்கு இன்னும் பயனுடையது. மலாய்ச் சொல்லுக்குப் பண்டகசாலை என்பதோடு, செங்கல்லாலோ கல்லாலோ கட்டப்பட்ட வீடு என்னும் பொருளும் உண்டு. இன்றைய இந்தோனேசிய மொழியில் இவை 'குடாங்' (பண்டகசாலை), 'கெடுங்' (பெருங்கட்டடம்) என இரு சொற்களாக நிற்கின்றன.

இனி நகரத்தார் கிட்டங்கிக்கு வருவோம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் மூட்டைகள் அடுக்கப்படவில்லை. நீண்ட கூடத்தின் தரையில் பல விலாசங்களைச் சேர்ந்தோர் தத்தமக்குரிய சிறு இடத்தில், கணக்கேடுகளும் மரப்பெட்டியும் அருகிருக்க, அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்தினர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்னும் பணிநிலைகள் அங்கு வழங்கின. தங்குமிடமும் பொதுச் சமையலும் அதே கட்டடத்தில். குடும்பத்தைச் செட்டிநாட்டிலேயே விட்டுவிட்டு மூன்றாண்டு தவணையில் செல்லும் ஆடவர்க்கு அதுவே அலுவலகம், அதுவே இல்லம். ஒருவரின் நாணயத்தைப் பக்கத்துப் பெட்டிக்காரர் நாள்தோறும் கண்டறியும் இடமாகவும் அது இருந்தது. கடன் நம்பிக்கையை மட்டுமே முதலாகக் கொண்ட தொழிலுக்கு இவ்வமைப்பு எத்துணை உறுதுணை என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பண்டகசாலைப் பெயர் வட்டிக்கடைக்கு ஏன் வந்தது? இருவகை விடை கூறலாம். நகரத்தார் தொடக்கத்தில் பண்ட வணிகரே. பழனிக் கோயிலோடு தொடர்புடைய 17ஆம் நூற்றாண்டு ஆவணங்கள் அவர்களை உப்பு வணிகராகக் காட்டுவதை டேவிட் ரட்னர் எடுத்துரைத்துள்ளார். தொழில் மாறியபின்னும் பழம்பெயர் நிலைத்தது என்பது முதல் விடை. மலாய்த் துறைமுகங்களில் 'கட்டடம்' என்னும் பொருளில் வழங்கிய சொல்லோடு தமிழ்ச் சொல் கலந்துவிட்டது என்பது இரண்டாவது. தென்மாவட்டங்களில் கிட்டங்கி இன்றும் சரக்கு வைக்கும் இடத்தையே குறிப்பதாலும், வணிகர் கூடித் தங்கும் மனை என்னும் பொருள் மலாய்க் கரையில் வேரூன்றியதாலும், இரண்டாவது விடையே பொருத்தமுடையதாகத் தோன்றுகிறது. எனினும் டகரம் இரட்டித்த வடிவம் தெலுங்கு 'கிட்டங்கி'யோடு ஒத்திருப்பதால், சொல்வடிவம் இங்கிருந்தே சென்றது எனக் கொள்வதில் தடையில்லை. வடிவம் ஒரு கரைக்கும் பொருள் மறுகரைக்கும் உரியதாகலாம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. நகரத்தார் கடிதம், கணக்கேடு, பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்போர் கிட்டங்கியைப் பண்டகசாலை என எழுதிவிட்டால், கடன் வழங்கிய நிறுவனம் சரக்கு வணிக நிறுவனமாகிவிடும். 'கிட்டங்கியில் பங்கு' என்பது அமர்ந்து தொழில் செய்யும் உரிமையா, சரக்கில் உள்ள பங்கா என்பதும் மயங்கும். உடன்வரும் சொற்களே இதற்குச் சான்று. மூட்டை, நிறை, கூலி ஆகியன தொடர்ந்தால் ஒரு பொருள். பெட்டி, தவணை, மேலாள் ஆகியன தொடர்ந்தால் மற்றொன்று. மார்க்கெட் தெருக் கட்டடங்கள் 1970களின் பிற்பகுதியில் நகர மறுசீரமைப்பால் அகற்றப்பட்டுவிட்டமையின், இடத்தைக் கண்டு பொருளை உறுதிசெய்யும் வாய்ப்பு இன்று இல்லை. செட்டிநாட்டு வீடுகளில் எஞ்சியுள்ள ஏடுகளையே இதற்கு நாட வேண்டியுள்ளது.